குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, உறுப்பினராக இல்லாவிட்டாலும் வந்து சுவரோரம் நிற்கும் மேல்மாடிக் குடும்பத்தினரே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. போன வருடம் நான் எழுந்து நின்றதுமே "வாசித்ததா வெச்சுக்கலாம் சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இந்த முறை அப்படி விடுவதாக இல்லை. கடைசியில் ஓட்டெடுப்பு இருக்கிறது. டீயும் அதற்கு அப்புறம்தான்.

நம் தெருவின் கதை மூத்தவர்களுக்குத் தெரியும். கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் மனை பிரித்து விற்றபோது, ஆபீஸ் வேலைக்காரர்கள் பி.எஃப். கடன் போட்டு அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று வாங்கினார்கள். தாம்பரத்தில் ரயில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷன் வரை உட்கார்ந்தே போகலாம் என்பதுதான் பெரிய கவர்ச்சி. 1931-லிருந்து ஓடும் மின்சார ரயிலை நம்பிக் கட்டிய வீடுகள் இவை. பிள்ளைகள் பிறந்ததும் ஒரு அறை, கல்யாணத்தை முன்னிட்டு ஒரு மாடி என்று வீடு வளர்ந்தது. பிள்ளைகள் இப்போது பெங்களூரிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள். கீழே அப்பா அம்மா, மேலே வாடகைக் குடும்பம். விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் தலைக்கு மேல் வட்டமடித்தால் கீழே இருப்பவர்கள் டிவி ஒலியைக் கூட்டுவார்கள். மாடிக் குழந்தைகள் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்க்கும். வருட நடுவில் இரண்டு தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகிக்கொண்டிருக்கின்றன. உறுப்பினர் எண்ணிக்கை பற்றிப் பொருளாளர் சொல்வார்.

முதலில் கிரிக்கெட். மே மாதத்தில் வந்த புகார்களில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிரே மூன்று செங்கல்தான் ஸ்டம்ப். பந்து எந்தக் காம்பவுண்டுக்குள் விழுந்தாலும் சுவரேறிக் குதிப்பது வழக்கம். அப்படிக் குதித்ததில் ஒரு வீட்டில் துளசி மாடம் சாய்ந்தது, இன்னொரு வீட்டில் காரின் கண்ணாடி போயிற்று. ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி ஒருவர் வீட்டில் விழும் பந்து திரும்பாது. பெயின்ட் வாளி ஒன்றில் போட்டு வைத்திருந்தார். எத்தனை பந்து, எந்தத் தேதியில் விழுந்தது என்று ஒரு டைரியும் உண்டு. செயற்குழு கூடி, பையன்களையும் இரண்டு பெண் குழந்தைகளையும் வரவழைத்துப் பேசியது. ரப்பர் பந்து கூடாது, டென்னிஸ் பந்துதான். காம்பவுண்டுக்குள் போனால் அவுட். ஆறரைக்கு மேல் ஆட்டம் இல்லை. பந்து வேண்டுமானால் காலிங் பெல் அடித்து, "தாத்தா, பந்து" என்று கேட்க வேண்டும். இப்போது சனிக்கிழமை மாலை வாளியோடு அவரே கேட்டுக்கு வருகிறார். "மூணு பச்சை, ஒண்ணு வெடிச்சது. சரியா பாத்துக்கோ" என்று கணக்கு ஒப்படைக்கிறார். கையெழுத்து மட்டும் இன்னும் வாங்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் சொன்னதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. "இதுல நம்ம பிள்ளைங்க யாரு சார்? எல்லாம் வாடகைக்கு இருக்கிறவங்க பிள்ளைங்க." அவர் சொன்ன தகவல் சரி. நம் பேரப்பிள்ளைகள் டிசம்பர் விடுமுறையில் வந்து கொசுக்கடிக்கு அழுதுவிட்டுத் திரும்புகிறார்கள். வருடம் முழுக்க இந்தத் தெருவில் சத்தம் போடுவது மாடிக் குழந்தைகள்தான்.

அடுத்தது மழை. நம் பக்கத்து நீர் ஏரி ஏரியாக நிரம்பிக் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேரும். நடுவே ஒரு கால்வாய் அடைத்தாலும் அது நம் ஹாலுக்கு வந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடி பிறப்பதற்குள் சங்கச் செலவில் தெருமுனை வடிகாலைத் தூர்வாரினோம். உள்ளே கட்டட இடிபாடு கிடந்தது. யார் கொட்டியது என்று எனக்குத் தெரியும், கொட்டியவருக்கும் தெரியும். அக்டோபர் நடுவில் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசைகட்டி நிறுத்திய கார்களில் நம் தெருக் கார்களும் இரண்டு இருந்தன. அந்த முறை தப்பித்தோம்.

நவம்பர் 30-இல் தப்பவில்லை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நாள். மாலையே கரண்ட் போய்விட்டது. இருட்டிய பிறகு முனை வீட்டில் தண்ணீர் ஏறியது. அங்கே எண்பது வயதுக்கு மேற்பட்ட அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார், முழங்கால் மடங்காது. எதிர்வீட்டு இரண்டாம் மாடியில் இருக்கும் நான்கு நர்ஸ்களில் இரண்டு பேர் டியூட்டி முடிந்து முட்டளவுத் தண்ணீரில் வந்துகொண்டிருந்தார்கள். டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே போனார்கள். அந்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவரும் இறங்கிவர, மூன்று பேருமாக அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துப் படியேற்றினார்கள். "என்னை விடு, அந்த மாத்திரை டப்பாவை எடு" என்று அவர் அதட்டியது பக்கத்து வீடு வரை கேட்டதாம். ஏழாவது படியில் நாற்காலியின் கால் ஒன்று விரிந்துவிட்டது. போன கூட்டத்துக்குப் பிறகு அந்த வீட்டில் தங்கிவிட்ட சங்கத்து நாற்காலி அது. இருப்புப் பட்டியலில் 60 நாற்காலிக்கு 59 என்று பொருளாளர் காட்டியிருப்பது இதனால்தான். கேள்வி கேட்க நினைத்தவர்கள் கேட்க வேண்டாம்.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த நர்ஸ்கள் குடிவந்த வருடம், 'இது குடும்பங்கள் வசிக்கும் பகுதி, இப்படி வாடகைக்கு விடுவதை மறுபரிசீலனை செய்யவும்' என்று வீட்டு உரிமையாளருக்குச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் போயிற்று. எழுதியவன் நான்தான். நகல் கோப்பில் இருக்கிறது, கிழித்துப் போடவில்லை. உரிமையாளர் பதில் போடவில்லை, அது அவர் செய்த நல்ல காரியம். 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்ற போர்டு இன்றும் நம் தெருவில் சில கேட்டுகளில் தொங்குகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழாய் பதிக்க வெட்டிய சாலை நான்கு மாதம் அப்படியே கிடந்தது. மனு மேல் மனு கொடுத்துப் பொங்கலுக்கு முந்தின வாரம் தார் போட்டார்கள். நாய் விஷயத்தில், பிடித்துக்கொண்டு போய் வேறெங்காவது விட்டுவிடச் சொல்லித் தினமும் யாராவது போன் செய்கிறீர்கள். கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023 விதி. என்னைத் திட்டிப் பயனில்லை. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் சில வீடுகளில் மாடியிலிருந்து குழாய் இறங்குகிறது, கீழே குழியைக் காணோம். ஏப்ரலில் லாரித் தண்ணீருக்கு முதலில் கூப்பிடுவதும் அந்த வீடுகள்தான்.

சுதந்திர தினக் கொடியேற்றம், கொலு, பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. ஊரிலிருந்து வரும் பேருந்துகள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தோடு நின்றுவிடுவதால், விடிகாலையில் பெற்றோரை அழைக்கப் போனவர்கள் தூக்கக் கலக்கத்தோடுதான் உறியடிக்கு வந்தார்கள். கோலப் போட்டியில் இருபத்தொரு புள்ளி சிக்குக்கோலத்தை ஒரு கோடு அழிக்காமல் போட்டு முடித்த பெண் வாடகை வீட்டுக்காரர். விதிப்படி முதல் பரிசு உறுப்பினர் குடும்பத்துக்குத்தான். ஆகவே இரண்டாவதாக வந்தவருக்கு முதல் பரிசும், முதலாவதாக வந்தவருக்குச் 'சிறப்புப் பரிசும்' கொடுத்தோம். முதல் பரிசு வாங்கிய மாமியே மேடையில், "எனக்கே கூச்சமா இருக்கு" என்றார். இரண்டும் எவர்சில்வர் தூக்குதான். ஒரே அளவு.

சரி, வாடகைக்காரர்களையும் உறுப்பினராக்கும் தீர்மானத்துக்கு வருகிறேன். நம் சங்கத்தின் பெயர் குடியிருப்போர் நலச் சங்கம். துணைவிதியோ வீட்டு உரிமையாளர் மட்டுமே உறுப்பினராகலாம் என்கிறது. டல்லாஸில் இருப்பவர் உறுப்பினர். பதினான்கு வருடமாக இதே தெருவில் இருந்து, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய வாடகைக்காரர் இல்லை. 'பதினொரு மாத அக்ரிமென்ட் ஆள் எப்போது வேண்டுமானாலும் போய்விடுவார்' என்று எழுத்துமூலம் ஆட்சேபம் வந்திருக்கிறது. நியாயமான கவலைதான். ஆனால் வீடு வாங்குவதற்கு முன் ஐந்து வருடம் நானும் இங்கே மாடியில் வாடகைக்கு இருந்தவன். மோட்டார் போடும் நேரத்துக்காக அன்றைய செயலாளர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். "ஓனரை வரச் சொல்லுப்பா" என்று அனுப்பிவிட்டார்.

துணைவிதித் திருத்தத்துக்கு, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்தாயிற்று. வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆதரிக்க வேண்டும். சங்கத்தின் சொத்து பற்றிய தீர்மானங்களில் மட்டும் புதியவர்களுக்கு வாக்கு இருக்காது. மற்றபடி சந்தாவும் உரிமையும் ஒன்றுதான்.

வரவு செலவைப் பொருளாளர் படித்து முடித்ததும் வாக்குச் சீட்டு தரப்படும். வீட்டுக்கு ஒன்று, பெயர் எழுத வேண்டாம். பேனா கொண்டுவராதவர்கள் முன்வரிசையில் இருக்கும் தணிக்கை அதிகாரியிடம் வாங்கிக்கொள்ளவும். எட்டு பேனா கொண்டுவந்திருக்கிறார். எண்ணித்தான் கொடுப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்