துருவ ஆகாயக் கப்பலும் குளிரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடதுருவப் பயணங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கடுங்குளிரில் ஹைட்ரஜன் சுருங்கியதால், அந்த வாயுவை நிரப்பிப் பறந்த ஆகாயக் கப்பல்கள் தூக்குவிசையை இழந்தன என்கிறது. குளிரின் மேல் இது வீண்பழி. எங்கள் வேலூர்ப் பிள்ளைகள் கத்திரி வெயிலை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0 டிகிரியில் 1 கனமீட்டர் ஹைட்ரஜன் சுமார் 1.2 கிலோவைத் தூக்கும். 40 டிகிரியில் 1.05 கிலோதான். குளிர்ந்த காற்று அடர்ந்து கனப்பதே காரணம். 1926-ல் நார்வேயின் துருவப் பயணி அமுண்ட்சன், அமெரிக்கர் எல்ஸ்வொர்த், இத்தாலியர் நோபிலே ஆகியோர் சென்ற ‘நோர்கே’ ஆகாயக் கப்பலின் கொள்ளளவு சுமார் 19,000 கனமீட்டர். அதை மே மாதம் காட்பாடியில் நிரப்பினால் ஏறத்தாழ 3 டன் சுமையை இறக்கிவைக்க வேண்டும்.

ஆபத்து மூடுபனியில் இருந்தது. உறைநிலைக்குக் கீழும் நீராகவே மிதக்கும் நுண்துளிகள், கப்பலின் உலோகத்தில் பட்டதும் கட்டியாகிவிடும். நோர்கேயின் புரொப்பெல்லர்களில் இப்படிப் படிந்த பனிக்கட்டி, சுழலும் வேகத்தில் தெறித்து உறைத்துணியைக் கிழித்தது. பறக்கும்போதே ஒட்டுப் போட்டார்கள். ஆன்டெனாக் கம்பியிலும் பனி ஏறி ரேடியோத் தொடர்பு அறுந்தது. அப்படியும் மே 11 அன்று நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் கிளம்பி, 12 அன்று துருவத்தைக் கடந்து, 14 அன்று அலாஸ்காவின் டெல்லரில் இறங்கினார்கள்.

1928 மே 25 அன்று, நோபிலே துருவத்துக்கு ஓட்டிச் சென்ற இன்னொரு ஆகாயக் கப்பலான ‘இத்தாலியா’வின் ஏற்ற இறக்கச் சுக்கான் சிக்கிக்கொண்டது. எஞ்சின்களை நிறுத்தியதும் கப்பல் மூடுபனியைத் தாண்டி வெயிலுக்குள் ஏறியது. வெயிலில் வாயு விரியும். பை வெடிக்காமலிருக்க வால்வு திறந்து கொஞ்சத்தை வெளியேற்றும். பிறகு மூடுபனிக்குள் இறங்கினால் மிச்சம் குளிர்ந்து சுருங்கும். சுருங்குவதால் நட்டமில்லை, வெளியே போனதுதான் நட்டம், அதைத் திரும்ப நிரப்ப அங்கே வழியில்லை. சிறிது நேரத்தில் வால் பக்கம் கனத்து, கப்பல் பனிப்பரப்பில் மோதியது. வெளியேறிய வாயுவா, உறையில் விழுந்த கிழிசலா, சரியாக மூடாத வால்வா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 16 பேரில் 10 பேர் பனியில் விழுந்தார்கள். உறையோடு காற்றில் போன 6 பேர் கிடைக்கவே இல்லை. தேடப்போன அமுண்ட்சனும் திரும்பவில்லை.

துருவத்தின் மேல் முதலில் பறந்தது விமானம் என்று அக்கட்டுரை சொல்வதையும் திருத்த வேண்டும். 1926 மே 9 அன்று விமானத்தில் துருவத்தை எட்டியதாக அமெரிக்கர் ரிச்சர்ட் பேர்ட் சொன்னது ஐயத்துக்குரியது. நோர்கே கடந்ததில் ஐயமே இல்லை. மாணவர்கள் குறிப்பெடுத்துப் படிக்கும் பக்கம் என்பதால், இவ்விரு திருத்தங்களையும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இயற்பியல் ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்