டேம் கரை புல்லுல மார்ச் வரைக்கும் மருந்து அடிக்காதீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருக்கேன், பொறந்து வளர்ந்ததும் இங்கதான். எங்க லயத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன டேம் இருக்கு, அந்தக் காலத்துல ரப்பர் ஃபேக்டரிக்குத் தண்ணி எடுக்கக் கட்டினது, இப்ப ஃபேக்டரியும் இல்ல பால்மரமும் இல்ல எல்லாம் செம்பனை ஆயிடுச்சு, டேம் மட்டும் அப்படியே கிடக்கு. வேலைய விட்டதுலேருந்து தினமும் காலையில ஏழு மணிக்கெல்லாம் மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டு பைனாகுலரோட பறவை பார்க்க அங்க போயிடுவேன்.

நம்ம மலேசியாவுல இலையுதிர் காலம்லாம் கிடையாது, ஆனா வடக்க சீனா சைபீரியா பக்கம் குளிர் நெருங்குதுன்னா இங்க டேம்ல தெரிஞ்சிடும். ஆகஸ்ட்லயே உள்ளான் வந்து கல்லு மேல நின்னு வால ஆட்டிக்கிட்டு இருக்கும், அப்புறம் கீச்சான், சின்ன நீல மீன்கொத்தி. தகைவிலான் கூட்டமா வரும், மலாய்க்காரங்க லாயாங் லாயாங்னு சொல்வாங்களே அதுதான், 20 கிராம் அளவுதான் இருக்கும், அத்தனை தூரம் பறந்து வருது.

எனக்கு உயிரு மடையான்தான். சீனாவுல குஞ்சு பொரிக்கிற கொக்கு இது. அக்டோபர்ல வரும்போது மண் கலர்ல கோடு கோடா இருக்கும், புல்லுக்குள்ள நின்னா பக்கத்துல போனாலும் தெரியாது, எழும்பிப் பறந்தாதான் வெள்ளை ரெக்கை பளிச்சுனு தெரியும். திரும்பிப் போறதுக்கு முன்னாடி மார்ச் வாக்குல தலையும் கழுத்தும் மங்குஸ்தீன் தோல் கலருக்கு மாறிடும் பாருங்க, அதப் பார்க்கவே நான் அஞ்சு மாசம் காத்திருப்பேன்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி கரை புல்லு பூரா களைக்கொல்லி மருந்து அடிச்சிட்டாங்க. அதுக்கு முந்தின வாரம் நான் 11 மடையான் எண்ணி நோட்டுல எழுதி வச்சிருந்தேன், புல்லு காஞ்சு சாஞ்சதும் ரெண்டுதான் மிச்சம், மார்ச்ல அதுவும் இல்ல. தவளை, சின்ன மீனு, தும்பி எல்லாம் அந்தப் புல்லோரத்துலதானே இருக்கு, அது போனா கொக்கு எதத் தின்னும் எங்க ஒளியும்? கேட்டதுக்கு பாம்பு வருதுன்னாங்க. நியாயம்தான், பிள்ளைங்க நடக்குற பாதை, மீன் பிடிக்கிற இடம் மட்டும் மிஷின்ல வெட்டிவிட்டா போதுமே, தண்ணியோரம் சுத்திலும் எதுக்கு மருந்து?

பாதுகாக்கப்பட்ட பறவைய லைசன்ஸ் இல்லாம சுட்டாலோ புடிச்சாலோ குத்தம்னு 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அதனால லாஸ்திக் (கவண்) தூக்கிட்டு வர்ற பையன்கள கூப்பிட்டு சொல்லிடலாம், கேட்டுக்குவாங்க. புல்லுக்கு நான் யார்கிட்ட போறது? டேம், குளம் இருக்குற தோட்டத்து நிர்வாகத்துக்காரங்க எல்லாரும் செப்டம்பர்லேருந்து மார்ச் முடியுற வரைக்கும் கரையில மருந்து அடிக்காம இருக்கணும், இதத்தான் உங்க பத்திரிகை வழியா கேட்டுக்கிறேன்.

இந்த வருஷம் மூணு மடையான் வந்திருக்கு, கோயில் பக்கத்துக் கரையில நிக்குது. அடுத்த வாரம் மருந்து அடிக்கப் போறதா பேசிக்கிறாங்க, அதுக்குள்ள இந்தக் கடிதத்தப் போட்டீங்கன்னா பெரிய உதவியா இருக்கும் ஐயா.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்