மலையடிவாரத்தில் உட்கார்ந்து கல்வெட்டுக்கு நோட்ஸ் எழுதுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், மதுரைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறேன். கல்லூரிப் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் அந்த ஒரு கல்லூரியின் குறைதான் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். இந்தப் பருவத்தில் கல்வெட்டியல் என்று ஒரு தாள். உண்மையைச் சொன்னால் இந்தத் தாளுக்காகத்தான் நான் சேர்ந்ததே. பருவம் முடியப் போகிறது, இதுவரை ஒரு கல்வெட்டைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. நேரில் போகாவிட்டால் பரவாயில்லை, ஒரு படம்கூடக் காட்டவில்லை.

வகுப்பு எப்படி நடக்கிறது என்றால், ஆசிரியர் வருவார், செல்போனைத் திறப்பார், வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். கல்வெட்டை மைப்படி எடுப்பது, அதாவது கல்லில் இருக்கும் எழுத்தை மையால் காகிதத்தில் நகலெடுப்பது எப்படி என்பதையே அப்படித்தான் எழுதினோம். கல்லைக் கழுவி, காகிதத்தை நனைத்து ஒட்டி, பிரஷால் தட்டித்தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, அப்புறம் மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றியிருக்கும் இடம் கறுப்பாகவும் வரும். ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் மையும் இருந்தால் கல்லூரி வாசலில் கிடக்கும் அடிக்கல்லிலேயே செய்து பார்த்துவிடலாம். நாங்கள் அதை "படி ஒன்று, படி இரண்டு" என்று நம்பர் போட்டு எழுதினோம். கம்பத்தில் ஏறாமல் லைன்மேன் ஆன ஒருத்தனையும் என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் எங்கள் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் யானைமலை தெரியும். அந்த மலையைக் குடைந்து கட்டிய நரசிங்கப் பெருமாள் கோயிலில் கி.பி. 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி கோயிலைக் குடைந்தார், குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோனார், அவர் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து வேலையை முடித்துவைத்தார், இவ்வளவும் கல்லில் இருக்கிறது, வடமொழியில் ஒருபக்கம், வட்டெழுத்து என்ற பழைய வளைவான எழுத்தில் தமிழ் ஒருபக்கம். வட்டெழுத்தை வாசிக்கப் பழக இதைவிட நல்ல இடம் எது? "வட்டெழுத்து பாண்டிய நாட்டில் வழங்கியது" என்ற ஒரே வரியோடு எங்களுக்கு அந்தப் பாடம் முடிந்துவிட்டது.

மாங்குளம் மலை இன்னும் கொஞ்சம் தள்ளி. 1882-ல் ராபர்ட் சுவெல் கண்டெடுத்த தமிழ் பிராமிக் கல்வெட்டுகள், அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்தில் வெட்டியவை, அங்கே இருக்கின்றன, பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரோடு. அந்தப் பெயரை 1965-ல் அடையாளம் கண்டு சொன்ன ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், கல்லூரிப் பேராசிரியர் இல்லை. (வேறு வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களை லேசாக நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.) அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், திருப்பரங்குன்றம், முத்துப்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் இப்படிக் கல்வெட்டு இருக்கும் ஒரு மலையில் போய் இறங்கலாம். வேறு ஊர்க்காரர்கள் செலவு செய்துகொண்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஒருநாள் எழுந்து கேட்டேன். "சார், தமிழ் பிராமியில் தமிழுக்கென்று தனியாக ழ, ள, ற, ன நாலு எழுத்து இருக்கிறதே, அதையாவது போர்டில் எழுதிக் காட்டுங்களேன்." அவர் கோபப்படவில்லை. "ஐயா, அதெல்லாம் பரீட்சையில் கேட்க மாட்டார்கள்" என்றார். பக்கத்தில் இருந்த பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "ஐயா உங்களுக்கென்ன, எங்களுக்கு இன்டர்னல்ல கை வச்சிருவாங்க" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான். எனக்கு இனி வேலை தேட வேண்டியதில்லை, அவனுக்கு அந்த 25 மார்க் வேண்டும்.

அந்த ஆசிரியரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, என் மகன் வயசுதான் இருக்கும். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. இவருக்கு அதில் பாதிகூடக் கிடையாதாம். அதையும் வாங்கிக்கொண்டு நாலு தாள் நடத்துகிறவர் எங்கே எங்களை மலைக்குக் கூட்டிப்போவார்? ஆனால் நான் கட்டும் ஃபீஸ் மட்டும் முழுசாகத்தானே போகிறது.

என்னைக் கேட்டால் கேள்வித்தாளில்தான் கோளாறு. "கல்வெட்டுகளின் வகைகளை விவரி" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் நோட்ஸ்தான் வரும். ஒரு கல்வெட்டு வரியைப் படமாக அச்சடித்து, வாசித்து எழுது, இருபது மார்க் என்று ஒரே ஒரு கேள்வி கட்டாயமாக வையுங்கள், அடுத்த வருஷமே எல்லாக் கல்லூரியும் பஸ் பிடிக்கும். பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்கள் இந்தப் பத்திரிகையை வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். தொல்லியல் துறையும் பருவத்துக்கு ஒருநாள் ஒரு கல்வெட்டாய்வாளரை மலையடிக்கு அனுப்பினால் போதும், சாப்பாடு நாங்கள் கட்டிக்கொண்டு வருகிறோம்.

கொஞ்சம் சீக்கிரம் செய்தால் நல்லது. அடுத்த பருவம் கோயில் கட்டடக்கலை, அதற்கான நோட்ஸ் போன வாரமே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

இப்படிக்கு,
முதலாம் ஆண்டு முதுகலை மாணவன்,
ஒத்தக்கடை, மதுரை