பள்ளி மாணவர்களுக்கு பயோடேட்டா, நேர்முகத் தேர்வுப் பயிற்சி கேட்டு மூன்றாவது முறையாகக் கொடுக்கும் மனு

அனுப்புநர்
ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் டைப்பிங் கடை நடத்துபவர்,
ஏரிக்கரை பேருந்து நிறுத்தம்,
அரசு மேல்நிலைப் பள்ளி எதிரில்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர் அவர்கள்,
மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்.

பொருள்: பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வேலைக்கு விண்ணப்பிக்கவும் நேர்முகத் தேர்வில் பேசவும் பள்ளியிலேயே பயிற்சி தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்த மனு. 2. பதிவுத் தபாலில் அனுப்பிய மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் வேலைவாய்ப்பு முகாமுக்காக எங்கள் பள்ளிக்கு வந்துபோனவர்கள். வாசலுக்கு எதிரே நீலத் தகரம் போட்ட கடை என்னுடையது. முதல் மனுவுக்கு ‘உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்று போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. அதனால் மீண்டும் எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

1. முகாம் அறிவிப்பில் ‘பயோடேட்டா, கல்விச் சான்றிதழ், ஆதார் நகலுடன் வரவும்’ என்று போடுகிறீர்கள். பயோடேட்டா என்றால் என்ன, அதில் எதை எழுத வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் முப்பது பேர் என் கடையில் வந்து நிற்பார்கள்.

2. நான் பி.காம். படித்தவள், எனக்கும் இதை யாரும் கற்றுத் தரவில்லை. பழைய ஃபைலைத் திறந்து பெயர், அப்பா பெயர், மதிப்பெண் மூன்றையும் மாற்றி பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு பிரதிக்கு 30 ரூபாய். எல்லாத் தாளிலும் மேலே அதே நாலு வரி ஆங்கிலம். முகாமில் அந்த முதல் வரிக்கு அர்த்தம் கேட்டால் ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

3. ஐயா, இதை எழுதத்தான் இந்த மனுவே. தொழிற்கல்விப் பிரிவில் கணக்கும் தணிக்கையும் படித்த ஒரு பெண். 600-க்கு 512 மதிப்பெண். முகாமில் ஒரு கம்பெனி அவளைத் தேர்வு செய்து, இரண்டாம் சுற்றுக்குப் போன் பண்ணுவதாகச் சொன்னது. வீட்டில் சிக்னல் கிடைக்காது என்று எட்டு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் நாள் வேறொரு முகாமுக்கு இன்னொரு பிரதி கேட்டு வந்தாள். ஃபைலைத் திறந்தவுடன் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவளுக்கு முன்னால் வந்த பையனுடைய போன் நம்பர் அப்படியே இருந்தது. நான் மாற்ற மறந்திருக்கிறேன். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஆமாக்கா, ஏதோ பொண்ணு பேரு கேட்டாங்க, ராங் நம்பர்னு வச்சிட்டேன்” என்றான். உடனே அந்தக் கம்பெனிக்குப் பேசினோம். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. “பரவாயில்லக்கா” என்று சொல்லிவிட்டு 30 ரூபாயை மேசையில் வைத்தாள். நான் வாங்கவில்லை. இப்போது தினமும் விடிகாலை ஐந்தரைக்கு என் கடை வாசலில்தான் நூல் மில் வேன் ஏறுகிறாள்.

தவறு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் தன் பயோடேட்டாவைத் தானே எழுதி, தானே படித்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் அவள் அதைக் கண்டுபிடித்திருப்பாள். அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் கையில் வாங்கிக்கொண்டு போனாள். ஒரு பிள்ளையின் வாழ்க்கை ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியின் கவனத்தை நம்பியா இருக்க வேண்டும்?

4. பந்தல்காரர் மகன் ஒருவன். இத்தனை அடி பந்தல் என்றால் எத்தனை சவுக்குக் கம்பு, எவ்வளவு கயிறு, எத்தனை ஆள், என்ன கூலி என்று நின்ற இடத்தில் சொல்வான். முகாமில் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று கேட்டதற்கு பேரையும் ஊரையும் சொல்லிவிட்டு நின்றுவிட்டான். இந்த வேலை தெரியும் என்று சொல்லலாம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவன் தாளில் அதை எழுத வேண்டிய இடத்தில் என் பழைய ஃபைலில் இருந்த ‘கிரிக்கெட் விளையாடுதல், பாட்டுக் கேட்டல்’தான் இருந்தது. அவன் கிரிக்கெட்டே ஆட மாட்டான் ஐயா.

5. மாணவர்களுக்கான அரசின் ‘நான் முதல்வன்’ 2022-இல் தொடங்கியது, நல்ல திட்டம். மேற்படிப்புக்கு வழிகாட்டும் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிக்கு எங்கள் பிள்ளைகளும் போய் வந்தார்கள், அதனால் கல்லூரியில் சேர்ந்தவர்கள் உண்டு. சரி, வீட்டு நிலைமையால் பதினெட்டு வயதில் வேலைக்குப் போயே தீர வேண்டிய பிள்ளைக்கு? எங்கள் பள்ளியில் அவர்களுக்கென்று ஒரு பீரியட்கூட நடந்ததில்லை.

6. தனியார் வேலை இணையத்தில் பதிவு செய்யச் சொல்கிறீர்கள். ஓடிபி அப்பா போனுக்குப் போகிறது, அப்பா கட்டட வேலையில் சாரத்தின் மேல் நிற்கிறார். வேலைவாய்ப்புப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாமல், அதற்கான சலுகைக் காலமும் தாண்டி, பதிவுமூப்பை, அதாவது முன்பே பதிந்ததால் கிடைத்த முன்னுரிமையை, இழந்துவிட்டு வந்து என்னிடம் அழுகிறார்கள். நான் என்ன செய்ய? இதையெல்லாம் இரண்டு முறை எழுதிவிட்டேன். யாராவது படித்தீர்களா ஐயா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது பெரிய செலவு இல்லை. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்துவிடும். அதற்கு முன், நவம்பர், டிசம்பரில் நான்கு சனிக்கிழமை தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் பள்ளிக்கு வர வேண்டும். பிள்ளைகள் தங்கள் பயோடேட்டாவைத் தங்கள் கையால், முதலில் தமிழில் எழுத வேண்டும். ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்கார வைத்து ஐந்து நிமிடமாவது கேள்வி கேட்டுப் பழக்க வேண்டும். சொந்த மின்னஞ்சல் ஒன்று தொடங்கித் தர வேண்டும். அப்புறம், தெரியாத கேள்விக்கு ‘தெரியாது, கற்றுக்கொள்வேன்’ என்று தலை நிமிர்ந்து சொல்லலாம் என்று யாராவது பெரியவர் ஒருவர் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

இதனால் என் டைப்பிங் வருமானம் குறையும், குறையட்டும். கடையில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கின்றன. அந்தச் சனிக்கிழமைகளில் காசு வாங்காமல் திறந்து வைக்கிறேன். பள்ளித் தலைமையாசிரியரிடமும் பேசிவிட்டேன், வகுப்பறை தருவதாகச் சொன்னார்.

அடுத்த முகாம் தேதி இன்னும் ஒட்டப்படவில்லை. அது வருவதற்குள் முதல் சனிக்கிழமை எது என்று மட்டுமாவது தெரிவிக்கும்படி மிகவும் பணிந்து, மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொள்கிறேன். தேதி சொன்னால் போதும் ஐயா, பிள்ளைகளை நான் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல்கள், பெற்றோர் 41 பேரின் கையொப்பம்.