பப் வாசலைத் தாண்டி உள்ளே வாருங்கள்: லண்டன் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், ஊர்ச் சங்கங்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

முப்பது வருடங்களுக்கு மேலாக லண்டனின் ஹரோவில் இருக்கிறேன். ஆனால் ஒரு பப்புக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது 2019ஆம் ஆண்டு ஐப்பசியில், ஒரு வியாழன் இரவு. மகள் அங்கே ட்ரம்ஸ் வாசிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்ட மனைவி, "நீங்கள் ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வாங்கோ, எப்பிடியான இடம் எண்டு" என்று என்னை அனுப்பினாள். அதே பப்பின் வாசலில் பல வருடங்கள் பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறேன். கதவு திறக்கும்போதெல்லாம் கிற்றார் சத்தம் வெளியே வந்து விழும், கதவு மூடியதும் அடங்கிப்போகும். அது எங்களுடைய இடம் இல்லை என்ற எண்ணம்தான் எனக்கு. உங்களில் கனபேர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பாரைத் தாண்டிப் போனால் பின்னால் ஒரு கதவு. நூறு பேர் நின்றால் நிறைந்துபோகும் அறை. மேடை என் முழங்காலுக்குக் கீழே. கால் பெடலால் அடிக்கும் பெரிய ட்ரம் வழுக்கி முன்னுக்கு நகராமல் இருக்க, அடியில் ஒரு பழைய கம்பளம் விரித்து, விளிம்பைக் கறுப்பு டேப்பால் தரையோடு ஒட்டியிருந்தார்கள். அன்று நான்கு குழுக்கள். ட்ரம் செட்டின் பெரிய உருப்படிகள் எல்லோருக்கும் பொது. ஸ்னேர் என்ற சின்ன ட்ரம், சிம்பல் என்ற தாளத் தட்டு, பெடல் மூன்றையும் அவரவர் கொண்டுவர வேண்டும். சவுண்ட் செக் தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியில் வாசிப்பவர்கள் முதலில் சரிபார்ப்பார்கள், முதலில் வாசிப்பவர்கள் கடைசியில் சரிபார்த்து அப்படியே மேடையில் பொருட்களை விட்டுவிடுவார்கள். மகளின் குழு முதலாவது. அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் ஆறு பாட்டு.

முதல் அடி நெஞ்சில் விழுந்தது. காதுக்கு அது பிறகுதான் எட்டியது.

அந்த நிமிடம் நான் ஊரில் நின்றேன். திருவிழா இரவு, வடக்கு வீதி, இரண்டு தவில் எதிரெதிரே. எட்டு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தவிலுக்கு நாலடி தள்ளி நின்றிருக்கிறேன். தவிலின் தொப்பிப் பக்கம் அதிரும்போது என் விலா எலும்பும் அதிரும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கிட்டத்தில் நின்று கேட்டதை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். "ரேடியோவில கேட்டா அது பாதிதான்" என்பார். தவில், நாதஸ்வரக் குழுக்கள் கூடி வாசிக்கும் மேளச் சமா என்று ஒன்று இருந்ததை அறிந்த தலைமுறைக்கு, பக்கத்தில் நின்று கேட்கும் இசையின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை. இந்த நாட்டில் அந்த வீதி எங்கே இருக்கிறது என்று பல வருடங்கள் எனக்குத் தெரியவில்லை. அது பப்பின் பின் அறையில் இருந்தது.

மகள் தமிழ்ப் பள்ளியில் ஒன்பது வருடம் மிருதங்கம் படித்தவள். ட்ரம்ஸுக்குப் போனதும், அவ்வளவு காலமும் செலவழித்த காசும் வீணாகப் போயிற்று என்று மனைவி கவலைப்பட்டாள். அன்றிரவு அவர்களின் நாலாவது பாட்டு ஏழு எண்ணிக்கையில் வந்தது. மேசையில் விரலால் போட்டுப் பார்த்தேன்: தகிட தகதிமி. எங்கள் கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளம், மிஸ்ர சாபு! முடிந்ததும் அந்தக் கிற்றார் பையனிடம், பிரிஸ்டலில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இந்த ஏழு எண்ணிக்கையை எப்படி எண்ணுகிறாய் என்று கேட்டேன். எனக்கு முன்னால் நின்று தொடையில் தட்டி "தகிட தகதிமி" என்று சொன்னான். பயிற்சி எடுக்கும் இடத்தில் என் மகள்தான் சொல்லிக் கொடுத்தாளாம். வீணாகப் போகவில்லை என்று அன்றே வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

இந்த அறைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அது எங்கள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. ஹரோ அன்ட் வீல்ட்ஸ்டோன் ஸ்டேஷனால் எத்தனை ஆயிரம் தமிழர் நாளும் போய் வருகிறோம். அதன் பக்கத்தில் றெயில்வே ஹொட்டல் என்று ஒரு பப் இருந்தது. 1964இல் அங்கே அடிக்கடி வாசித்த உள்ளூர்ப் பொடியன்கள்தான் பின்னால் உலகம் அறிந்த 'தி ஹூ' ரொக் குழு. ஒரு நாள் கூரை தாழ்வாக இருந்ததால் அந்தக் குழுவின் பீட் டவுன்செண்டின் கிற்றார் மேலே இடித்து உடைந்தது. அவர் மிச்சத்தையும் அந்த இடத்திலேயே அடித்து நொறுக்கினார். ரொக் மேடையில் கிற்றார் உடைக்கும் வழக்கத்தின் தொடக்கமாக இன்றும் சொல்லப்படும் சம்பவம் அது. அந்தக் கட்டடம் பிறகு தீயில் எரிந்துபோனது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள்.

ஹவுன்ஸ்லோ பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கிழக்கு ஆபிரிக்கத் தீவான சான்சிபாரில் நடந்த புரட்சிக்குத் தப்பி 1964இல் ஃபெல்தமில் வந்து குடியேறியது ஒரு பார்சிக் குடும்பம். அந்த வீட்டுப் பையன் பாரூக் புல்சாராவைத்தான் உலகம் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி என்று அறிந்தது. அவரோடு 'குயீன்' குழுவில் கிற்றார் வாசித்த பிரையன் மேயும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். அவருடைய கிற்றார் கடையில் வாங்கியது இல்லை. 1963இல் தொடங்கி, தகப்பனும் மகனும் வீட்டில் இருந்து செய்தது. கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் சட்டம், உள்ளே பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்ப்ரிங், விரல் வைக்கும் இடங்களைக் காட்டத் தாயின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். அப்படிச் செய்து கொடுத்த தகப்பனே, மகன் இம்பீரியல் கொலிஜில் வானியற்பியல் முனைவர் படிப்பைப் பாதியில் விட்டுப் போனபோது மனம் உடைந்துபோனார். நியூயோர்க்கில் மகன் வாசிப்பதை நேரில் பார்த்த பிறகுதான் அவருக்கு ஆறியது. பிரையன் மே அந்தப் பட்டத்தை 2007இல் முடித்தார். முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து, அதே இம்பீரியலில்.

இதைச் சொல்வது உங்கள் பிள்ளைகள் எல்லாரும் உலகப் புகழ் பெறுவார்கள் என்ற ஆசை காட்டுவதற்காக இல்லை. என் மகள் பகலில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறாள். மாதத்தில் இரண்டு இரவு வாசிக்கிறாள். அந்த இரண்டு இரவுக்காக அவள் மற்ற நாட்களைச் சந்தோஷமாகக் கடப்பதை நான் பார்க்கிறேன். எனக்கு அது போதும்.

இனிக் குடியைப் பற்றி. இதைப் பேசாமல் கடந்தால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். குடியால் சிதறிய வீடுகளை நாங்கள் எல்லாரும் அறிவோம். என் உறவிலும் உண்டு. நான் குடிப்பதில்லை. பப்பின் பின் அறையில் ஐந்து வருடத்துக்கு மேலாக ஒரு ஒறேஞ் ஜூஸோடு நிற்கிறேன், ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. இசை கேட்க வந்த சனம் மேடையைப் பார்த்து நிற்கிறது. வீட்டு விசேஷங்களில் கார் பார்க்கில் டிக்கியைத் திறந்து வைத்து எங்கள் ஆட்கள் குடிப்பதைவிட அங்கே குடிப்பது குறைவு. பதினெட்டு வயதாகாதவர்களுக்கு மது விற்கமாட்டார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவில் 'ஆஸ்க் ஃபோர் ஆஞ்செலா' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். யாராவது தொல்லை கொடுத்தால் பாரில் போய் ஆஞ்செலா இருக்கிறாரா என்று கேட்டால் போதும், வேலை செய்பவர்கள் புரிந்துகொண்டு உதவுவார்கள். 2016இல் லிங்கன்ஷயரில் தொடங்கிய ஏற்பாடு அது. காதுக்கும் பாதுகாப்பு வேண்டும். அன்று மகள் மேடை ஏறும் முன் என் கையில் இரண்டு செம்மஞ்சள் நிறப் பஞ்சுகளைத் திணித்து, "அப்பா, இதைக் காதுக்குள்ள வையுங்கோ" என்றாள். இன்றுவரை அது இல்லாமல் நான் போனதில்லை. நீங்களும் போகக்கூடாது.

பிள்ளை பொய் சொல்லிவிட்டுப் போகும் வீடுகளை எனக்குத் தெரியும். நூலகத்துக்கு என்று சொல்லி கிற்றாரைச் சிநேகிதர் வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் பிள்ளைகள். அவர்கள் மேடையில் நின்று வாசலைப் பார்ப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன் முன் வரிசையில் நின்று போன் தூக்கிப் படம் எடுப்பார்கள். எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஒருவரும் இல்லை. ஒரு இரவு அப்படி ஒரு பையனுக்கு நானும் சேர்த்துக் கை தட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் வாசலில் தயங்கி நிற்க, உள்ளே அறைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. சிறிய இசை அரங்குகளுக்காக 2014இல் தொடங்கப்பட்ட மியூசிக் வெனியூ ட்ரஸ்ட் அமைப்பின் கணக்குப்படி, 2023 ஒரு வருடத்தில் மட்டும் பிரித்தானியாவில் இப்படியான 125 இடங்கள் மூடப்பட்டன, அல்லது இசை நிகழ்ச்சிகளை நிறுத்தின. வாரத்துக்கு இரண்டுக்கு மேல். 38 சதவீத இடங்கள் நட்டத்தில் ஓடின. மொத்தமாகப் பார்த்தால் லாபம் அரைச் சதவீதம்: நூறு பவுண் உள்ளே வந்தால் கையில் மிஞ்சுவது ஐம்பது பென்ஸ். பாத் நகரில் 1978இல் தொடங்கிய மோல்ஸ் என்ற இடம், ரேடியோஹெட்டும் ஓவாசிஸும் வாசித்த இடம், 2023 மார்கழியில் மூடியது. வாடகை, மின்சாரம், வரி எல்லாம் ஏறிவிட்டன. ரிக்கெட் காசு வாசிப்பவர்களுக்கும் சவுண்ட் பார்ப்பவருக்கும் போய்விடும். பப்பைத் தாங்குவது பாரில் விற்கும் காசு. அதனால் ஒறேஞ் ஜூஸ் குடிப்பவனும் இரண்டு கிளாஸ் வாங்க வேண்டும். நான் சிப்ஸும் வாங்குவேன்.

மகள் முதன்முதலாக வாசித்த அந்தப் பின் அறை இன்று இல்லை. இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதால் சொல்கிறேன். கொரோனா கழிந்து இடம் திரும்பத் திறந்த காலத்தில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் லமினேட் செய்த ஒரு தாள் கட்டியிருந்தது. பக்கத்துக் கார் பார்க்கில் ஐந்து மாடி வீடுகள் வரப்போவதாகவும், கருத்துச் சொல்ல விரும்புவோர் குறிப்பிட்ட திகதிக்குள் கவுன்சிலுக்கு எழுதலாம் என்றும் இருந்தது. மூன்று வாரம் அந்தத் தாளை வாசித்தபடி பஸ்ஸுக்கு நின்றேன். எழுதவில்லை. வீடுகள் வந்தன. பின் அறையைப் பார்த்தபடி படுக்கையறை யன்னல்கள் வந்தன. சத்தம் என்று முறைப்பாடுகள் போயின. பப்காரர் முதலில் சத்தத்தைக் குறைத்தார், பிறகு நாட்களைக் குறைத்தார், பிறகு நிறுத்திவிட்டார். இப்போது அந்த அறையில் ஞாயிறு மதியச் சாப்பாடு போடுகிறார்கள்.

புதிதாகக் குடிவந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கு நித்திரை வேண்டும். ஆனால் 2018இலிருந்து இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் ஒரு விதி இருக்கிறது. ஏற்கெனவே இசை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டுபவர்தான் சத்தத்தைத் தடுக்கும் வேலையைத் தன் செலவில் செய்ய வேண்டும். தடித்த கண்ணாடி, சுவர், யன்னல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது வரை கவுன்சில் நிபந்தனை போடலாம். அப்படி நிபந்தனை வர வேண்டுமானால், அங்கே இசை நடக்கிறது, எங்கள் பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்று கோப்பில் நாலு பேர் எழுதியிருக்க வேண்டும். கோயிலுக்கு அனுமதி எடுக்க ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கான கையெழுத்துச் சேர்த்த சமூகம் நாங்கள். எங்களுக்கு இது தெரியாத வேலை இல்லை.

சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை பெரிய மண்டபம் எடுத்து, சென்னையிலிருந்து பாடகர்களை அழைத்து விழா வைக்கிறீர்கள். வையுங்கள், நானும் ரிக்கெட் எடுத்து வருவேன். அந்தச் செலவில் ஒரு சிறு துண்டை ஒதுக்கி, வருடத்தில் மூன்று வார நாள் இரவுகள் ஒரு பப்பின் பின் அறையை எடுங்கள். செவ்வாய், புதன் என்றால் குறைந்த காசுக்குத் தருவார்கள், பாரில் இவ்வளவு விற்க வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள். 2012இல் வந்த நேரடி இசைச் சட்டத்தின்படி, மது உரிமம் உள்ள இடத்தில் இரவு 11 மணிவரை இசை நடத்தத் தனி அனுமதி தேவையில்லை, 2015இலிருந்து 500 பேர்வரை வரலாம். தமிழ்ப் பள்ளியில் மிருதங்கமும் வயலினும் படிக்கும் பிள்ளைகளையும், வீட்டு அறையில் கதவைப் பூட்டிக் கிற்றார் அடிக்கும் பிள்ளைகளையும் ஒரே மேடையில் ஏற்றுங்கள். பரிசு வேண்டாம், பொன்னாடை வேண்டாம், பிரதம விருந்தினர் வேண்டாம். அரை மணி நேரமும் நல்ல சவுண்ட் பார்க்கும் ஒருவரும் கேட்க வந்த சனமும் இருந்தால் சரி.

மகளின் குழு இப்போது இன்னொரு பப்பில், இரண்டு மைல் தள்ளி, மாதத்தின் கடைசி வியாழனில் வாசிக்கிறது. வாசலில் ஒரு பிள்ளை தாளும் பேனையுமாக இருந்து, "எந்தக் குழுவுக்கு வந்தீர்கள்?" என்று கேட்கும். அது வெறும் விசாரிப்பு இல்லை. குழுவின் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார்கள், அந்தக் கோடுகளை எண்ணித்தான் இரவு முடிய அவரவர் பங்கைக் கொடுப்பார்கள். மகளின் குழுவின் பெயருக்கு நேரே சில இரவுகளில் என்னுடைய ஒரே ஒரு கோடுதான் இருக்கும். ஏழரைக்குக் கதவு திறக்கும். நான் இடது பக்கம், சவுண்ட் மேசைக்கு முன்னால் நிற்பேன். காதுப் பஞ்சு மறந்து வந்தால் என்னிடம் கேளுங்கள், சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து சோடி இருக்கும்.

அன்புடன்,
ஹரோவிலிருந்து ஒரு தகப்பன்