ஆள் பிரிப்பதற்கு முன்னால்

சேரம்பாடி,
ஞாயிறு மாலை.

அன்பு மச்சான்,

நீ போட்டோ எடுத்து அனுப்பிய நாலு பக்கத்தையும் இரண்டு தரம் படித்தேன். உன் கையெழுத்து ஹட்டன் பள்ளிக்கூடத்தில் இருந்த அதே கோழிக்கிறுக்கல்தான். இங்கே மூன்று நாளாக விடாத மழை, கரண்ட் இல்லை. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். என் முழங்கால் நடப்பதை நிறுத்தப் பார்க்கிறது.

வவுனியாவில் உங்கள் பிள்ளைகளுக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ‘சமாதானக் கிண்ணம்’ கால்பந்து வைக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வை. ஆனால் தமிழ் டீம் ஒரு பக்கம், சிங்கள டீம் எதிர்ப்பக்கம் என்று மட்டும் வைத்துத் தொலைக்காதே.

பட்டவன் சொல்கிறேன். 1964 ஒப்பந்தத்தில் சிறிமாவோவும் சாஸ்திரியும் இலங்கைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கு எழுதினார்களே, அதில் ஒரு தலை நான். அங்கே நாம் ‘இந்தியாக்காரன்’. கோச்சி, அதான் ரயில், ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து இந்த நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தால் ‘சிலோன்காரன்’. ஒரு பொங்கலுக்கு எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பையன்களுக்கும் கீழே ஊர்ப் பையன்களுக்கும் பக்கத்துக்கு ஏழு பேராக ‘செவன்ஸ்’ கால்பந்து வைத்தோம். ஒற்றுமைக் கோப்பை என்று பெயர் வேறு! நான்தான் ரெஃப்ரி. ஒரு ஹேண்ட்பாலுக்கு விசில் ஊதினேன். ‘சிலோன்காரன் சிலோன்காரனுக்குத்தானே ஊதுவான்’ என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் கோல் கம்பமாக நட்டிருந்த மூங்கிலைப் பிடுங்கிப் பையன்கள் கையில் வைத்திருந்தார்கள். ஒருவனுக்கு மண்டையில் நாலு தையல். யாருக்கும் கொடுக்காத அந்தக் கோப்பை இன்னும் எங்கள் பரணில் கிடக்கிறது. வெந்தயம் போட்டு வைக்கலாமா என்கிறாள் உன் தங்கச்சி.

அடுத்த வருஷம் சீட்டுக் குலுக்கி ஆள் பிரித்தோம். எங்கள் கோல்கீப்பருக்கு முன்னால் ஊர்ப் பையன் தடுப்பாட்டக்காரனாக நின்றான். கோல் விழக்கூடாது என்றால் ஒருவன் பெயரை ஒருவன் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? மைதானத்துக்குக் கீழே சரிவெல்லாம் தேயிலை. பந்து கொழுந்துக்குள் உருண்டு, மேலே மூடுபனியும் இறங்கிவிட்டால் பதினாலு பேரும் செடியை விலக்கிக்கொண்டு தேடுவார்கள். ஏறி வந்ததும் ஒருவன் காலில் ஏறிய அட்டையை இன்னொருவன் உப்பு வைத்து உதிர்ப்பான். ஆட்டத்தைவிட அந்தப் பத்து நிமிஷம்தான் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றும்.

ஈராக்கில் இதையே ஒழுங்காகச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஐ.எஸ். தீவிரவாதிகள் விரட்டியடித்த கிறிஸ்தவர்களின் கால்பந்து டீம்களில் பாதிக்கு மூன்று முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார் சல்மா மூசா என்ற ஆய்வாளர். மீதி டீம்களுக்கு மூன்று கிறிஸ்தவர்களையே கொடுத்தார். 2020-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. முஸ்லிம்களோடு சேர்ந்து ஆடியவர்கள்தான் பண்போடு ஆடுபவனுக்கான பரிசுக்கு வேறு டீம் முஸ்லிமுக்கும் அதிகம் ஓட்டுப் போட்டார்கள். அடுத்த சீசனுக்குக் கலந்த டீமில் பெயர் கொடுத்ததும், ஆறு மாசம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சி எடுத்ததும் அவர்களில்தான் அதிகம். ஆனால் முஸ்லிம்கள் அதிகம் வாழும் மொசூல் நகருக்குப் போய் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவார்களா என்று பார்த்தால், அதில் சொல்லும்படி மாற்றமில்லை.

எங்கள் பையன்களும் அப்படித்தான் மச்சான். ஆட்டம் முடிந்ததும் அவனவன் டீக்கடைக்கு அவனவன் போய்விடுவான். அதனால் கிண்ணத்துக்கு வைத்திருக்கும் காசில் சோறு போடு. ஒரு வாரம் உங்கள் ஊரில், மறுவாரம் அவர்கள் ஊரில். இரண்டு ஊர் அம்மாக்களும் சேர்ந்து ஆக்கட்டும். பேச்சாளர், மாலை, மைக் எதுவும் வேண்டாம்.

1996 உலகக் கோப்பை கிரிக்கெட் ஞாபகமிருக்கிறதா? மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீசும் கொழும்புக்கு வர மறுத்தபோது, இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே டீமாக வந்து இறங்கின. டெண்டுல்கரும் வசீம் அக்ரமும் ஒரே பக்கம்! அன்றைக்கு ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றே வருஷத்தில் கார்கில். உங்கள் போர் முடிய 2009 ஆகிவிட்டது. பந்தின் தலையில் ரொம்பப் பாரம் ஏற்றாதே என்று சொல்லத்தான் இது.

77 கலவரத்தில் லயத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடியவன் நீ. அந்தக் கிராமத்தார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட உனக்கே முடியுமா? இதைக் குத்தலாகக் கேட்கவில்லை. முதல் வாரம் நீ அங்கே இலை போட்டு உட்கார்ந்தால்தான் பிள்ளைகள் உட்காருவார்கள்.

நேற்று ராத்திரி யானை வந்து எங்கள் கோல் கம்பம் இரண்டையும் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது. பையன்கள் மூங்கில் வெட்டப் போயிருக்கிறார்கள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும், வாசலில் நின்று பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். தேயிலைத் தூள் இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பழைய கோல்கீப்பர்