பட்டை இருக்கிறது, பிரேக் பிடிக்கிறதா?

அன்பு மகளுக்கு,

"பிடென் பட்டை பளிச்சுனு தெரியுது, அப்புறம் ஏகேடி ஏம்மா இவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்டிருந்தாய். செல் வளர்ச்சிக்குப் பிரேக் போடும் புரதம் பிடென் (PTEN); வளரச் சொல்லும் புரதம் ஏகேடி (AKT). நீ பார்த்தது வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் சோதனையில், வந்த பட்டை; ஏகேடி 'ஏறியிருக்கு' என்றால் பாஸ்பேட் ஏறிய ஏகேடி அதிகம் என்று அர்த்தம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

செல் சவ்வின் உள்பக்கத்தில் பிஐ3கே (PI3K) நொதி பிப்-2 (PIP2) என்ற கொழுப்பின் மூன்றாம் இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றி அதைப் பிப்-3 ஆக்குகிறது. பிடென் அதே பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. கழற்ற ஆளில்லாவிட்டால் பிப்-3 தேங்கும், ஏகேடி சவ்வில் வந்து ஒட்டும், அதன் 308-ஆம் த்ரியோனின், 473-ஆம் செரின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலும் பாஸ்பேட் ஏறும். செல் வளர்ந்துகொண்டே போகும், சாக வேண்டிய நேரத்தில் சாகாது. 1997-இல் பிடென் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பிடென் கொழுப்பிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றுகிறது என்பது 1998-இல்தான் தெரிந்தது.

உன் பட்டை சொல்வது புரதம் இருக்கிறது என்பதை மட்டும்தான். அது வேலை செய்கிறதா என்று பட்டைக்குத் தெரியாது. பிடெனின் 403 அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை வெட்டும் கத்தி 124-ஆம் சிஸ்டீன். அது செரினாக மாறினால் நொதி செத்தது. 129-இல் கிளைசினுக்குப் பதில் குளூட்டமிக் அமிலம் வந்தால் இன்னும் வம்பு: புரதங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும், பிப்-3-ஐ மட்டும் விட்டுவிடும். இரண்டிலும் பட்டை அதே இடத்தில்தான் வரும். அந்தக் கத்திப் பகுதி இருக்கும் ஐந்தாம் எக்சானை (புரதத்துக்கான மரபணுத் துண்டை) முதலில் சீக்வென்ஸ் செய். சிடிஎன்ஏ-வில் (ஆர்என்ஏ-விலிருந்து எடுத்த டிஎன்ஏ நகலில்) செய்வதானால், 9-ஆம் குரோமோசோமில் இதன் போலி மரபணு ஒன்று இன்ட்ரான் (எக்சான்களுக்கு இடையிலுள்ள துண்டு) இல்லாமல் சிடிஎன்ஏ போலவே உட்கார்ந்திருப்பதை மறக்காதே. செல்லின் டிஎன்ஏ கொஞ்சம் கலந்தாலும் அந்தப் போலியும் பெருகும். டிஎன்ஏ-வை அழிக்கும் டிஎன்ஏஸ் போடு, கலப்பு இருந்தால் காட்டிக்கொடுக்க, ஆர்என்ஏ-வை சிடிஎன்ஏ ஆக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்றும் வை.

மரபணுவில் மாற்றமே இல்லையென்றால் பிடெனின் வாலை, அதாவது கடைசிப் பகுதியை, பார். 380, 382, 383 இடங்களில் பாஸ்பேட் ஏறினால் வால் மடங்கிக்கொள்ளும். புரதம் சிதையாமல் நிலைத்திருக்கும், சவ்வுக்கு மட்டும் போகாது. பட்டை கறுத்திருப்பதே தூங்கும் பிடெனால் இருக்கலாம். பெராக்சைடு மிகுந்த செல்லில் 124-ஆம் சிஸ்டீன் 71-ஆம் சிஸ்டீனோடு பிணைந்துவிடும். டிடிடி (DTT) போட்ட பஃபரில் அந்தப் பிணைப்பு அறுந்துவிடுவதால் உன் கண்ணில் படாது. செல்லை உடைக்கும்போதே, பிணையாத சிஸ்டீன்களை மூடிவைக்கும் என்-எத்தில்மேலிமைடு சேர்த்து, டிடிடி இல்லாமல் ஓட்டினால், பிணைந்தது சற்றுக் கீழே தனியாக நிற்கும்.

பிடென் நன்றாகவே வேலை செய்து, பிஐ3கே-யில் மாற்றம் இருந்தாலும் ஏகேடி ஏறும். அதையும் சீக்வென்ஸில் சேர்த்துக்கொள்.

இதற்கெல்லாம் முன்னால் பிளாட்டைச் சரிபார். வளர்ச்சிக் காரணிகள் உள்ள சீரத்தில் வளர்ந்த செல்லில் ஏகேடி எப்படியும் ஏறித்தான் இருக்கும்; ஓர் இரவு சீரம் இல்லாமல் வை. செல் வளர்ந்த தட்டை ஐஸ் மேல் வைத்தே செல்லை உடை, பாஸ்பேட் கழன்றுவிடாமல் தடுக்கும் சோடியம் ஃபுளூரைடும் ஆர்த்தோவனடேட்டும் இல்லாமல் உடைக்காதே. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் பிளாக் செய்யப் பால் வேண்டாம், அதிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம்; பிஎஸ்ஏ (மாட்டுச் சீர ஆல்புமின்) எடுத்துக்கொள். ஒப்பிட, பிடென் இல்லாத பிசி-3, பிடென் உள்ள டியூ145 என்ற இரண்டு செல் வகைகளும் அதே ஜெல்லில் இருக்கட்டும்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிடெனை இழந்த கட்டிகள் பலவும் பிஐ3கே-யின் பீட்டா வடிவத்தைச் சார்ந்தே வாழ்கின்றன. ஆல்ஃபா வடிவத்தை மட்டும் தடுக்கும் அல்பெலிசிப் மருந்து அங்கே தோற்கலாம். "பிடென் இருக்கிறது" என்று நீ எழுதும் ஒரு வரியை வைத்துத்தான் அடுத்து எந்த மருந்தைச் சோதிப்பது என்று முடிவு செய்வார்கள்.

அடுத்த பிளாட்டை வெட்டாமல் முழுப் படமாக அனுப்பு. பாஸ்பேட் ஏறியதும் ஏறாததும் சேர்ந்த மொத்த ஏகேடியும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா